வாரத்தில் இரண்டு நாட்கள்: மருத்துவப் பணியாளர்களை டிஜிட்டல் தலைமைக்குப் பயிற்றுவித்த இங்கிலாந்து – ஒரு நிகழ்வு ஆய்வு

2013ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற போதனா மருத்துவமனை ஒன்றில், ஒரு மாத்திரை கொடுக்க வேண்டிய 16 வயதுச் சிறுவனுக்கு 38½ மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மருந்து அன்றாடம் புழங்கும் நுண்ணுயிர்க்கொல்லிதான். கொடுக்க நினைத்த அளவு 160 மில்லிகிராம். மருந்து எழுதும் திரையில் அலகு "ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்" என்று இருந்ததை மருத்துவர் கவனிக்கவில்லை. சிறுவனின் எடை 38.6 கிலோ என்பதால் கணினி பெருக்கி, மாத்திரை அளவுக்கு ஏற்பச் சற்றே முழுமைப்படுத்தி 6,160 மில்லிகிராம் என்று முடிவு செய்தது. எச்சரிக்கை தோன்றியது, மருத்துவர் அதைக் கடந்துபோனார். மருந்தாளுநரின் திரையிலும் தோன்றியது, அவரும் கடந்துபோனார். மருந்துகளைப் பொட்டலமிடும் ரோபோ 38½ மாத்திரைகளையும் பிசகாமல் எண்ணி அனுப்பியது. தம் வழக்கமான வார்டை விட்டு வேறு வார்டில் அன்று பணியாற்றிக்கொண்டிருந்த செவிலியருக்கு எண்ணிக்கையைக் கண்டு சந்தேகம் வந்தது, பார்கோடு கருவியால் சரிபார்த்தார், திரை சரியென்றது, கொடுத்துவிட்டார். சிறுவனுக்கு வலிப்பு வந்தது, ஆனால் உயிர் பிழைத்தான்.

இந்தச் சங்கிலியில் யாரும் வேலையில் அசட்டையாக இருக்கவில்லை என்பதுதான் இதில் அச்சமூட்டும் பகுதி. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருந்த திரை கேட்டதைச் செய்தார்கள். எச்சரிக்கையைப் புறக்கணித்ததைக் கூட அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்த மருத்துவமனையை நடத்தும் பல்கலைக்கழகத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 77 படுக்கைகளை 31 நாட்கள் கண்காணித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நோயாளிகளைக் கண்காணிக்கும் கருவிகள் அந்த ஒரு மாதத்தில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை எழுப்பியதாகக் கணக்கிட்டது. காதில் விழும் ஒலி மட்டும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. அத்தனைக்கு நடுவே வேலை செய்பவர் எச்சரிக்கையை ஒரு தடையாகவே பார்க்கப் பழகிவிடுகிறார். அலகை ஏன் அப்படி அமைத்தீர்கள், 38 மடங்கு அளவுக்கும் சிறு வேறுபாட்டுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கை ஏன் வருகிறது என்று மென்பொருள் வார்டுக்கு வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒருவர் வேண்டும். அவருக்கு மருத்துவமும் தெரிந்திருக்க வேண்டும், அமைப்பின் உள்ளும் புரிந்திருக்க வேண்டும், கேட்டால் பதில் கிடைக்கும் இடத்திலும் அவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஒரு நாடு திட்டமிட்டு உருவாக்க முயன்றதைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

சிறுவனுக்கு நேர்ந்ததை வெளியுலகுக்கு விரிவாக எழுதிக் காட்டியவர் அதே நிறுவனத்தின் மருத்துவப் பேராசிரியரான ராபர்ட் வாக்டர். தன் மருத்துவமனைகளைக் கணினிமயமாக்குவதற்கு வழி கேட்டு இங்கிலாந்து பின்னர் அழைத்ததும் அவரைத்தான்.

முதல் முயற்சி: பொறிகளை வாங்கிய பத்தாண்டு

இங்கிலாந்து ஏன் வெளியாரின் ஆலோசனையைத் தேடியது என்பதற்கு 2002க்குப் போக வேண்டும். நாட்டின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். முழுவதற்கும் ஒரே மின்னணு நோயாளிப் பதிவேடு அமைப்பைக் கொண்டுவரும் தேசியத் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, 2003இன் இறுதியிலும் 2004இன் தொடக்கத்திலும் பெரும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் மையத்திலிருந்தே ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒப்பந்தங்களின் மதிப்பு மட்டும் 620 கோடி பவுண்டு; மொத்தச் செலவு 1,240 கோடி பவுண்டை எட்டும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2006இல் மதிப்பிட்டது. பகுதிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த நான்கு நிறுவனங்களில் ஒன்று 2006இலும் இன்னொன்று 2008இலும் வெளியேறின. 2011 செப்டம்பரில் திட்டம் கலைக்கப்படுவதாக அரசு அறிவித்தது.

திட்டம் முற்றிலும் வீண் என்று எழுதுவது நியாயமன்று. ஊடுகதிர்ப் படங்களைப் படச்சுருளின்றிக் கணினியில் சேமித்துப் பகிரும் வசதியும், நாடு தழுவிய பாதுகாப்பான இணைப்பு வலையும், நோயாளி விவரங்களை மையமாகச் சேர்க்கும் அடித்தளமும் அதன் மூலம் வந்தவையே, அவை நிலைத்தன. நிலைக்காதது மருத்துவமனைக்குள் மருத்துவரும் செவிலியரும் அன்றாடம் கைவைக்க வேண்டிய பதிவேட்டு அமைப்பு. வேறுபாட்டுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. படச்சுருளுக்குப் பதில் திரை வந்தபோது கதிரியக்க மருத்துவரின் வேலை ஏறத்தாழ அதே வரிசையில் நடந்தது. பதிவேடு வந்தபோதோ வார்டின் வேலை முழுவதும், யார் எப்போது எதை எழுதுவது, யார் யாரிடம் எதைச் சொல்வது என்பது உட்பட, கலைத்து அடுக்கப்பட வேண்டியிருந்தது. அப்படிக் கலைத்து அடுக்கத் தெரிந்தவர்கள் அமைப்பை வாங்கிய மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

வாக்டர் குழுவின் கணக்கு

2013 ஜனவரியில் சுகாதார அமைச்சர் 2018க்குள் காகிதமில்லாத என்.எச்.எஸ். என்று இலக்கு வைத்தார். வாக்டர் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் அறிக்கை 2016 செப்டம்பரில் வெளிவந்தபோது, காலக்கெடுக்களுக்கு எதிராகவே அது முதலில் பேசியது. அவசரமாகச் செய்வதைவிடச் சரியாகச் செய்வது மேல் என்பதும், முதலீட்டின் பலன் உடனடிச் சேமிப்பாக வராது என்பதும், எல்லா மருத்துவமனைகளையும் ஒரே நாளில் இழுத்துச் செல்லாமல் தயாராக இருப்பவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடுகள்.

இந்த ஆய்வுக்கு முக்கியமானவை வேறு இரண்டு. ரொனால்ட் ஹைஃபெட்ஸின் தலைமைத்துவக் கோட்பாட்டிலிருந்து வாக்டர் குழு ஒரு வேறுபாட்டை எடுத்துக்கொண்டது. சில சிக்கல்களுக்குத் தெரிந்த தீர்வைப் பொருத்தினால் போதும். வேறு சிலவற்றில் சிக்கலோடு வாழ்பவர்களே தங்கள் பழக்கத்தையும் பொறுப்புகளையும் மாற்றிக்கொண்டால்தான் தீர்வு பிறக்கும். மருத்துவமனையைக் கணினிமயமாக்குவது இரண்டாம் வகை. முதல் வகைச் சிக்கலுக்குப் பொறியாளரை அனுப்பலாம். இரண்டாம் வகைக்கு உள்ளிருந்தே ஒருவர் எழ வேண்டும்.

இன்னொன்று வெறும் எண்ணிக்கை. என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அமைப்பை டிரஸ்ட் என்பார்கள். சராசரி அளவுள்ள ஒரு டிரஸ்ட்டுக்கு மருத்துவப் பின்னணியும் தகவலியல் (தகவல்களைக் கணினி வழியே கையாளும் துறை) பயிற்சியும் சேர்ந்த குறைந்தது ஐந்து பேராவது வேண்டும், அவர்கள் மருத்துவர்களாகவே இருக்க வேண்டியதில்லை, செவிலியராகவோ மருந்தாளுநராகவோ இருக்கலாம் என்றது அறிக்கை. பல டிரஸ்ட்டுகளில் தலைமை மருத்துவத் தகவல் அலுவலர் என்ற பதவி அப்போதே இருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வாரத்தில் சில மணிநேரம் மட்டும் அந்த வேலையைப் பார்த்தார்கள். கையில் நிதியுமில்லை, முடிவெடுக்கும் உரிமையும் குறைவு. பெயர்ப்பலகையை வைத்தே மருத்துவமனைகள் திருப்திப்பட்டிருந்தன என்று இதை வாசிக்கலாம்.

டிஜிட்டல் அகாதமி

அறிக்கையின் நேரடி விளைவாக என்.எச்.எஸ். டிஜிட்டல் அகாதமி 2017இல் அறிவிக்கப்பட்டு, முதல் தொகுதி 2018இல் படிப்பைத் தொடங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரி முன்னின்று நடத்த, எடின்பரோ பல்கலைக்கழகமும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் துணை நின்றன. ஆண்டுக்கு 100 பேர் வீதம் மூன்றாண்டுகளில் 300 பேரைப் பயிற்றுவிப்பதும், ஓராண்டு முடிவில் டிஜிட்டல் சுகாதாரத் தலைமைத்துவத்தில் முதுநிலைப் பட்டயம் அளிப்பதும் திட்டம். பணியை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியதில்லை. பெரும்பகுதி இணையவழி, இடையிடையே நேரில் தங்கிப் படிக்கும் நாட்கள்.

பாடத்திட்டத்தில் நிரல் எழுதும் பாடம் மையமாக இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சுகாதார அமைப்பு இயங்கும் விதம், பெரிய மாற்றங்களைச் செயல்படுத்துதல், தகவல் அமைப்புகளின் கட்டுமானம், பயனரை மையமாக வைத்த வடிவமைப்பு, முடிவெடுக்க உதவும் கருவிகளும் தரவுப் பகுப்பாய்வும், தலைமைத்துவம் ஆகியவைதான் அதன் உள்ளடக்கம். பொறியாளருக்கு எதை எப்படிச் சொன்னால் புரியும், அவர் சொல்வதில் எதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்த மருத்துவரை உருவாக்குவதே நோக்கம். அரைகுறை நிரலாளரை உருவாக்குவதன்று.

அதைவிட நான் மெச்சுவது சேர்க்கை முறையை. தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர்களும் மருத்துவத் தகவல் அலுவலர்களும் ஒரே தொகுதியில் சேர்க்கப்பட்டார்கள். மருத்துவமனையில் இவ்விரு தரப்பினரும் சந்திப்பது பெரும்பாலும் ஏதாவது பழுதானபோதுதான். ஒருவர் புகார் சொல்வார், மற்றவர் விளக்கம் சொல்வார். ஓராண்டு ஒரே பாடத்தைப் படித்து, ஒரே பயிற்சியில் தவறு செய்து திருந்தியவர்களிடையே அந்தப் பேச்சு வேறு தொனியில்தான் நடக்கும். பல பயிற்சித் திட்டங்கள் மருத்துவரை மட்டும் தனியே அழைத்துப்போய் ஊக்கமூட்டி அனுப்பிவிடுகின்றன. திரும்பி வந்த அவர் பேசும் புதிய மொழி தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குப் புரிவதில்லை.

டோப்பல் அறிக்கையும் இரண்டு நாட்களும்

தலைமைப் பதவியில் இருப்பவர்களைப் பயிற்றுவிப்பது ஒரு பக்கம். பதவியில்லாத, ஆனால் சிக்கலை நாள்தோறும் தொட்டுப் பார்க்கும் பணியாளர்கள் மறுபக்கம். இதயநோய் மருத்துவர் எரிக் டோப்பல் தலைமையில் 2019 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கை இந்த இரண்டாம் தரப்பைப் பற்றிக் கவலைப்பட்டது. மரபணுவியல், டிஜிட்டல் மருத்துவம், செயற்கை நுண்ணறிவும் ரோபோக்களும் என்ற துறைகளைப் பார்த்த அறிக்கை, 20 ஆண்டுகளுக்குள் என்.எச்.எஸ். பணிகளில் 90 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு வகை டிஜிட்டல் திறன் தேவைப்படும் என்று கணித்தது.

அதைத் தொடர்ந்து அதே ஆண்டு டோப்பல் பெயரிலேயே ஓர் ஆய்வு உதவித்தொகைத் திட்டம் வந்தது. செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், மருத்துவர் என யாரும் தங்கள் பணியிடத்திலிருந்தே ஒரு டிஜிட்டல் முயற்சியோடு விண்ணப்பிக்கலாம். தேர்வானவருக்கு ஓராண்டுக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் அந்த முயற்சிக்கென்றே ஒதுக்கப்படும். நிறுவனத்துக்கு அதற்கான நிதியுதவி உண்டு. பயிலரங்குகளும் வழிகாட்டிகளும் கூடவே வரும்.

ஒரு நாடு இவ்வளவு செய்த பிறகு இரண்டு நாட்களைப் பெரிதாகப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த நிகழ்வு முழுவதிலும் மிகக் கூர்மையான முடிவு அதுதான் என்பது என் கணிப்பு. காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்தால் போதும். இயன்முறை மருத்துவர் ஒருவருக்குச் செவ்வாயும் புதனும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முழங்கால் அறுவைக்குப் பின் நோயாளிகள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காணொளி வழியே கண்காணிப்பது அவரது முயற்சி. அன்று காலை பத்து மணிக்கு நோயாளிகள் மூவரைப் பார்த்து, செயலியில் எந்தத் திரையில் அவர்கள் விரல் தயங்குகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுடன் சந்திப்பு. ஏழரை மணிக்கு வார்டு மேலாளர் அழைக்கிறார்: இருவர் விடுப்பு, இன்று ஒருநாள் மட்டும் வர முடியுமா? முடியாது என்று எந்தப் பணியாளரும் சொல்லமாட்டார். வார்டில் இருப்பது நோயாளி. அடுத்த செவ்வாயும் அப்படியே ஆகும். நான்கு மாதத்துக்குப் பின் அந்த முயற்சிக்கு எந்தத் தொழில்நுட்பக் கோளாறும் இல்லாமலேயே உயிர் போயிருக்கும். பதிலாளுக்கான பணம் நிறுவனத்தின் கைக்கு ஏற்கெனவே வந்திருந்தால், அந்தத் தொலைபேசி அழைப்பு வேறு ஒருவருக்குப் போகும். இரண்டு நாட்களை ஒதுக்குவது என்பதன் பொருள் இதுதான். எனவே அது பயிற்சிப் பிரிவின் முடிவு என்பதைவிடப் பணிப்பட்டியல் போடுபவரின் முடிவாகவும் நிதிப்பிரிவின் முடிவாகவும் இருக்கிறது.

சட்டம் தந்த ஒரு நாற்காலி

படிப்பும் நேரமும் இருந்தும், திரும்பி வருபவருக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் இதற்கு எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து பாதி விடை கிடைக்கிறது. டி.சி.பி. 0129, டி.சி.பி. 0160 என்ற இரு தரநெறிகள் 2012ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. முதலாவது மருத்துவ மென்பொருளைத் தயாரிப்பவருக்கு, இரண்டாவது அதை நிறுவும் மருத்துவமனைக்கு. இரு தரப்பும் மருத்துவப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் தொழில்முறைப் பதிவுள்ள மருத்துவப் பணியாளராகவும் இடர் மேலாண்மையில் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும்.

அவருடைய முதன்மைக் கருவி அபாயப் பதிவேடு. பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் அட்டவணை அது. என்ன தவறு நேரலாம், எதனால் நேரலாம், நேர்ந்தால் நோயாளிக்கு என்ன ஆகும், எவ்வளவு கடுமை, எவ்வளவு வாய்ப்பு, தடுக்க என்ன செய்திருக்கிறோம், அதற்குப் பிறகும் எஞ்சும் இடர் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் ஓடும். முதலில் சொன்ன 38½ மாத்திரைகளை இந்த அட்டவணையில் ஒரு வரியாக எழுதிப் பார்த்தால் பயிற்சியின் பயன் விளங்கும். "எடை சார்ந்த அலகும் மொத்த அளவு அலகும் ஒரே திரையில் மாறி மாறி வருதல்" என்பது அபாயம். "மருத்துவர் கவனமாக இருக்க வேண்டும்" என்று தடுப்புக்கான கட்டத்தில் எழுதினால் பயிற்சியில்லாத கை அது. திரை தானாகவே காட்டும் அலகை மாற்றுதல், உச்ச அளவுக்கு மேல் மருந்தை எழுதவே விடாமல் நிறுத்துதல், சிறு வேறுபாடுகளுக்கான எச்சரிக்கைகளை நீக்கிப் பெரிய எச்சரிக்கைக்கு இடம் கொடுத்தல் என்று எழுதினால் பயிற்சி பெற்ற கை. பிந்தையவற்றில் ஒவ்வொன்றும் மென்பொருளை மாற்றச் சொல்வது; மாற்றச் சொல்பவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

மருத்துவப் பணியாளர்களுக்கான டிஜிட்டல் பயிற்சி என்றால் புதுமை, தொடக்க நிறுவனங்கள், செயற்கை நுண்ணறிவு என்று பேசுபவர்கள் இந்த அட்டவணையைப் பாடமாக வைக்க மறந்துவிடுகிறார்கள். மென்பொருளைத் தொடவே தயங்கும் மூத்த செவிலியர் கூட அபாயப் பதிவேட்டில் முதல் நாளே சிறந்து விளங்கக்கூடும். எங்கெங்கே தவறும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கணக்கு ஒத்துவரும் இடமும் ஒத்துவராத இடமும்

2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற மீட்புத்தொகை கோரும் தீநிரல் தாக்கியபோது, இங்கிலாந்தின் 236 டிரஸ்ட்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவ முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை நிறுவும்படி டிரஸ்ட்டுகளுக்கு எச்சரிக்கையும் போயிருந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை எப்போது நிறுத்தித் திருத்துவது என்பதை மருத்துவமும் தெரிந்த ஒருவர் மட்டுமே தைரியமாக முடிவு செய்ய முடியும். அகாதமி தொடங்கும் தறுவாயில் நடந்த இந்த நிகழ்வு அதன் தேவையை எந்த அறிக்கையையும் விட உரக்கச் சொன்னது.

236 என்ற அதே எண்ணை வாக்டர் சொன்ன ஐந்தால் பெருக்கினால் 1,180 வருகிறது. அகாதமியின் மூன்றாண்டு இலக்கு 300. அத்தனை பேரும் டிரஸ்ட்டுகளிலிருந்தே வந்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு டிரஸ்ட்டுக்கு ஒருவருக்குச் சற்றே அதிகம். மருத்துவமனையில் தனியொருவராக மாற்றத்தைப் பேசுபவர் விரைவில் களைத்துப்போவார், அல்லது வேறிடத்துக்குப் போய்விடுவார். ஐந்து என்ற எண்ணின் பொருளே அவர்கள் ஒருவருக்கொருவர் துணை என்பதுதான். 300ஐ ஒரு தொடக்கமாகப் பார்க்கலாம். அறிக்கை கேட்டது கிடைத்துவிட்டது என்று பார்க்க முடியாது.

பலனை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய பயிற்சிகள் முடிந்ததும் எளிதில் எண்ணக்கூடியவை பட்டயம் பெற்றவர்களும் பதவி உயர்வு பெற்றவர்களும்தான். அவர்களால் தவிர்க்கப்பட்ட தவறான மருந்தளவை யாராலும் எண்ண முடியாது. நடக்காததற்குப் பதிவேடு இல்லை. ஆகவே பதவி உயர்வையே வெற்றியின் அளவுகோலாக்கிவிடும் ஆசை எழுகிறது. அதில் ஒரு விபரீதம் உண்டு: நல்ல செவிலியர் பயிற்சி பெற்று மேலே போய்விட்டால், திட்டத்தின் கணக்கில் அது வரவு, வார்டின் கணக்கில் செலவு.

பயிற்சிகளை நடத்திய நிறுவனங்களும் இடைவிடாமல் உருமாறின. சுகாதாரக் கல்வியைப் பார்த்துக்கொண்ட தேசிய அமைப்பும் தேசிய டிஜிட்டல் அமைப்பும் 2023இல் என்.எச்.எஸ். இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டன, அந்த என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைத்து அமைச்சகத்துக்குள் கொண்டுவரப்போவதாக 2025 மார்ச்சில் பிரதமர் அறிவித்தார். தேசிய அளவில் ஒவ்வொரு முறை அமைப்பு மாறும்போதும் திட்டத்தின் பொறுப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமைப் பணிப்பட்டியலைப் போடுபவர் மட்டும் இன்னும் அதே வார்டு மேலாளர்தான்.